தொலைவிரல்

1925-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், நியூயார்க் நகரிலிருந்து வெளிவந்துகொண்டிருந்த ‘சயன்ஸ் அண்ட் இன்வென்ஷன்’ என்னும் பத்திரிகையில், அதன் ஆசிரியராகிய ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் விநோதமான ஒரு யந்திரத்தைப் பற்றி எழுதினார். வைத்தியர் தம் அறையை விட்டு எழுந்திராமலே, திரையில் நோயாளியின் உருவத்தைக் கண்டுகொண்டு, எதிரே உள்ள பிடிகளை அசைத்து, பல மைல்களுக்கு அப்பால் இருக்கும் அந்நோயாளியின் உடலைத் தொட்டுப் பார்க்கலாம் என்பதும், அவ்வாறு தொட்டதன் உணர்ச்சி அலைவழியே திரும்பி வந்து அவர் கையையே சேரும் என்பதும் அக்கற்பனையின் சாரம். கிரேக்க மொழியில் தொலைவைக் குறிக்கும் சொல்லையும் விரலைக் குறிக்கும் சொல்லையும் கூட்டி, அதற்கு ‘டெலிடாக்டில்’ என்று அவர் பெயரிட்டார். நாம் அதனைத் ‘தொலைவிரல்’ என்னலாம். தொலைக்காட்சியே ஆய்வுக்கூடத்தை விட்டு வெளிவராத அந்தக் காலத்தில், இன்னும் ஐம்பது ஆண்டுகளில், அதாவது 1975-ஆம் ஆண்டுக்குள், இது கைகூடிவிடும் என்று அவர் துணிந்து சொன்னார்.

அவர் வைத்த கெடு கடந்தும் அரை நூற்றாண்டு ஆகிவிட்ட இந்நாளில், அந்த யந்திரம் வேறு வேறு வடிவங்களில் உலகத்தின் சில மூலைகளில் உண்மையாகவே இயங்கி வருகிறது. ஒருபுறம் ரோபோவின் கை. மறுபுறம் வைத்தியரின் கை. இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கம்பியோ கம்பியற்ற அலையோ. இங்கே வைத்தியர் பிடியை அழுத்தினால் அங்கே ரோபோ அழுத்துகிறது. அங்கே உடல் எதிர்த்துத் தள்ளினால் இங்கே பிடியும் எதிர்த்துத் தள்ளுகிறது. இதனை வியந்து பாராட்டுவது எளிது. மனிதத்தன்மை அற்றது என்று முகஞ்சுளிப்பதும் அதே அளவுக்கு எளிது. இவ்விரண்டையும் விடுத்து, இம்முறை எவ்விடத்தில் மெய்யாகவே பயன்படுகிறது, எவ்விடத்தில் பயன்படுவது போலத் தோன்றி நம்மை ஏமாற்றுகிறது என்று பகுத்தறிவதே நாம் செய்யத்தக்க காரியம். அதற்கு முதற்கண், வைத்தியர் நோயாளியைத் தொடுகிறார் என்றால் அங்கே நிகழ்வது யாது என்பதை நாம் தெளிதல் வேண்டும்.

நோயை நிர்ணயிப்பதற்குச் சித்த வைத்தியம் வகுத்த எண்வகைத் தேர்வுகளாவன நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்பன. இவற்றுள் முதல் இரண்டும் விரலாலன்றி வேறெதனாலும் அறியப்படாதவை. மேனாட்டு வைத்தியத்தில் இந்தக் கைத்தொழில் ஒரு முறையான சாஸ்திரமாக உருப்பெற்றது சற்றுக் காலம் தாழ்த்தே. வியன்னாவில் இருந்த ஆவென்ப்ரூகர் என்னும் வைத்தியர், மார்பை விரலால் தட்டி அதன் ஓசையினால் உள்ளிருக்கும் நோயை அறியும் முறையை 1761-இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். விடுதி நடத்திய தம் தந்தையார் பீப்பாயைத் தட்டி மதுவின் மட்டத்தை அறிவதைச் சிறுவயதில் கண்டவர் அவர் என்று சொல்லுவதுண்டு. அந்நூலை யாரும் அதிகமாகப் பொருட்படுத்தவில்லை. 1808-இல் கோர்விசார் அதனைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்த பிறகே அதற்கு வாழ்வு வந்தது.

அடுத்து நிகழ்ந்த ஒரு சம்பவம் நம் விசாரணைக்கு மிகவும் வேண்டியது. 1816-இல் பாரிஸ் நகரத்தில், இருதய நோயுற்ற ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்பதற்குக் கூசிய லேனெக் என்னும் வைத்தியர், காகிதத்தைக் குழல்போலச் சுருட்டி, ஒரு முனையை அவள் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். ஸ்டெதாஸ்கோப் பிறந்த கதை இதுவே. வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையே அன்று முதன்முதலாக ஒரு முழத் தூரம் புகுந்தது. ஆயினும் அந்தத் தூரத்தினால் ஓசை மங்காமல், காதை நேராக வைத்துக் கேட்டதினும் தெளிவாகவே ஒலித்தது. ஆகையால், விலகி நிற்பதனாலேயே அறிவு குறைந்துபோகும் என்று வாதிப்பவர்களுக்கு வைத்திய சரித்திரம் சாட்சி சொல்லாது. தொலைவிரலும் லேனெக்கின் குழலை நீட்டியதுதானே, முழமாக இருந்தது காதமாயிற்று, அவ்வளவுதானே என்று ஒருவர் கேட்கக்கூடும். அவ்வளவுதான் அன்று. லேனெக்கின் குழல் வழியே வந்தது அந்தப் பெண்ணின் இருதயத்தில் எழுந்த அதே ஓசை. தொலைவிரலின் வழியே வருவது அந்த உடலின் அதே எதிர்ப்பு அன்று. அங்கே அது எண்ணாக மாற்றப்படுகிறது. எண் பயணம் செய்கிறது. இங்கே ஒரு மோட்டார் அந்த எண்ணைப் படித்து, அதற்கு ஒத்த வேறொரு விசையைப் புதிதாக உண்டாக்கி வைத்தியரின் கையில் கொடுக்கிறது. குழல் கடத்துகிறது, யந்திரமோ நடித்துக் காட்டுகிறது. இந்த வேற்றுமையை மனத்தில் இருத்திக்கொண்டால், இம்முறையின் நன்மை தீமைகள் யாவும் தாமே வரிசைப்பட்டு நிற்கும்.

இவ்வகை யந்திரம் முதலில் வைத்தியத்துக்காகப் பிறந்தது அன்று. இரண்டாவது உலகப் போருக்குப் பின், அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தில், கதிரியக்கப் பொருள்களைச் சுவருக்கு அப்பால் நின்று கையாள வேண்டியிருந்தபோது, ரேமண்ட் கோர்ட்ஸ் என்பவர் ஆட்டுவிக்கும் கை ஒன்றும் ஆடும் கை ஒன்றுமாக இரட்டைக் கைகளை அமைத்தார். 1954-இல் அவற்றை மின்சாரத்தால் இணைத்து, அங்கே பட்ட எதிர்ப்பு இங்கே உணரப்படும்படியும் செய்தார். 1990-களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தாமஸ் மாஸியும் கென்னத் ஸாலிஸ்பரியும் ‘ஃபாண்டம்’ என்ற சிறு கருவியைச் செய்து, மேஜைமேல் வைத்த ஒரு கோலைப் பிடித்தே, இல்லாத பொருளையும் தொட்டு உணரும்படி ஆக்கினார்கள். இத்தகைய கருவிகளில் விசையானது விநாடிக்கு ஏறக்குறைய 1,000 முறை கணக்கிடப்பட்டுக் கைக்கு ஊட்டப்படுகிறது. கண்ணுக்கு விநாடிக்கு 24 படங்கள் போதும், திரைப்படம் ஓடிவிடும். கையை ஏமாற்றுவதற்கோ அதனினும் நாற்பது மடங்கு வேகம் வேண்டியிருக்கிறது. ஐம்புலன்களில் எளிதில் மயங்காதது மெய்யே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

மெய் எளிதில் மயங்காமைக்குக் காரணம் உண்டு. ஒரு கையின் உள்ளங்கைப் புறத்தில் மட்டும் சுமார் 17,000 தொடுவுணர் நரம்பு முனைகள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவை நால்வகைப்பட்டவை: நிலைத்த அழுத்தத்தையும் விளிம்பையும் அறிபவை, வழுக்கலையும் மெல்லிய நடுக்கத்தையும் அறிபவை, தோல் இழுபடுவதை அறிபவை, மிக விரைந்த அதிர்வை அறிபவை என. இவற்றோடு சூடு, குளிர்ச்சி, ஈரம் ஆகியவற்றின் உணர்ச்சியும் சேர்ந்தே நாம் தொடுதல் என்று ஒரே சொல்லால் வழங்கும் அனுபவம் உண்டாகிறது. இன்றைய தொலைவிரல்களில் பெரும்பாலானவை திருப்பித் தருவதோ ஒரே ஒரு புள்ளியில் உள்ள விசையை மட்டும். கையில் கோல் ஏந்திய பார்வையற்றவர் அக்கோலின் நுனியால் தரையை அறிவதை ஒக்கும் இது. அவர் அறிவது பொய் அன்று. மேடு பள்ளம் அறிவார், கல்லும் மண்ணும் பிரித்தறிவார். ஆயினும் உலையில் வெந்துகொண்டிருக்கும் சோற்றின் பதத்தைப் பருக்கையை நசுக்கிப் பாராமல், கரண்டிக் காம்பால் குத்தியே சொல்லிவிடும்படி ஒரு கிழவியைக் கேட்டால், அவள் நம்மைப் பார்த்துச் சிரிப்பாள்.

நம் அளவை நூலார், அறிவு பிறக்கும் வாயில்களைக் காண்டல், கருதல், உரை என மூன்றாகத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். புலன் நேரே பற்றுவது காண்டல். அதனைக் கொண்டு காணாததை ஊகிப்பது கருதல். நம்பத்தக்கவர் சொல்ல ஏற்பது உரை. வைத்தியர் வயிற்றில் கையை வைத்துக் கல்லீரலின் விளிம்பை உணர்வது காண்டல். அதே உணர்ச்சியைத் தொலைவிரல் அவர் கைக்குக் கொடுக்கும்போது, அது காண்டலைப் போலவே இருக்கிறது. தோலில் படுகிறது, தசையை எதிர்க்கிறது, நேருக்கு நேர் அனுபவமாகிறது. ஆனால் உண்மையில் அது உரையே ஆகும். தூரத்தில் உள்ள ஒரு கருவி, தான் அளந்ததை, சொல்லுக்குப் பதிலாக விசையின் மூலம் சொல்லுகிறது. உரையைக் காண்டல் என்று எண்ணிக்கொள்ளுவதுதான் இம்முறையில் நேரக்கூடிய பெருந்தவறு. ஏனெனில், காண்டலில் ஐயம் எழுந்தால் மறுபடியும் தொட்டுப் பார்ப்போம், உரையில் ஐயம் எழுந்தால் முதலில் சொன்னவரின் யோக்கியதையை விசாரிப்போம். கைக்கு வரும் உணர்ச்சி நேர் அனுபவம் போலத் தோன்றும் வரையில் அந்த விசாரணை மனத்தில் எழுவதே இல்லை.

இந்த உரை எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதைத் தூரமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்லுகிறது. கைக்கு வேண்டிய அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் செய்தி போய்த் திரும்ப வேண்டுமானால், இரு கைகளுக்கும் இடையே 100 கிலோமீட்டருக்கு மேல் இருக்கவொண்ணாது. அதுவும் இடைவழி யந்திரங்கள் ஒரு கணமும் தாமதியாதிருந்தால். பணத்தாலோ சாமர்த்தியத்தாலோ தகர்க்கக்கூடிய தடை அன்று இது. பிரகிருதி இட்ட வேலி. வேலியைத் தாண்டினால் விளைவது வெறும் தாமதம் மட்டும் அன்று. முன்னரே கழிந்துபோன எதிர்ப்பு இப்பொழுது வந்து கையைத் தள்ள, கை அதற்கு இணங்கி அசைய, அவ்வசைவு மறுபடியும் காலந்தாழ்ந்து அங்கே சேர, யந்திரம் தானே அதிர்ந்து நடுங்கத் தொடங்கிவிடும். அந்நடுக்கம் நோயாளியின் வயிற்றின்மேல் நிகழக்கூடியது என்பதை நினைத்தால், பொறியியலார் இதற்கு ஏன் இவ்வளவு அஞ்சுகிறார்கள் என்பது விளங்கும். அவர்கள் கண்ட பரிகாரம், இடையில் ஒருவகை மந்தத்தைப் புகுத்தி அதிர்வை அடக்குவது. யந்திரம் சாந்தமடைகிறது, ஆனால் அந்த மந்தத்தினால் கடினமானது சற்று மிருதுவாகவும், கூரியது சற்று மழுங்கலாகவும் உணரப்படும். கட்டி கெட்டியா மிருதுவா என்பதையே கேள்வியாகக் கொண்ட வைத்தியருக்கு இந்த மழுங்கல் அற்பமான விஷயம் அன்று.

தொடுவுணர்ச்சியைக் கடத்துவது இத்தனை கடினமாக இருந்தமையால், தொலைவைத்தியத்தின் மிகப் பெயர்பெற்ற சாதனையும் அதனைக் கைவிட்டே நிகழ்ந்தது. 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள், ழாக் மாரெஸ்கோ என்னும் பிரெஞ்சு அறுவை நிபுணர் நியூயார்க்கில் அமர்ந்தபடி, அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் ஸ்திராஸ்பூர் நகரில் இருந்த 68 வயது மாதின் பித்தப்பையை ரோபோவின் மூலம் அகற்றினார். கையசைவு சென்று காட்சி திரும்புவதற்கு ஒரு விநாடியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நேரம் ஆயிற்று. அவர் கண்டார், தொட்டு உணரவில்லை. அறுவைச் சாலைகளில் புகழ்பெற்ற ‘டா வின்சி’ ரோபோவும் 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது முதல், ஏறக்குறைய கால் நூற்றாண்டுக் காலம் கைக்கு விசையுணர்ச்சி எதனையும் தராமலே தொழில் நடத்திற்று. 2024-இல் அனுமதி பெற்ற அதன் ஐந்தாம் தலைமுறைதான் விசையைத் திருப்பித் தரத் தொடங்கியிருக்கிறது. தேர்ந்த நிபுணர்கள் திசு எவ்வளவு இழுபடுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தே விசையை ஊகித்துப் பழகிக்கொண்டார்கள். காண்டல் இல்லாத இடத்தில் கருதலைக் கொண்டு சமாளித்தார்கள் என்று சொல்லலாம். இது அவர்கள் திறமைக்குப் பெருமை. தொடுவுணர்ச்சி வேண்டாததற்குச் சான்று ஆகாது.

நிற்க. இம்முறையின் பலம் எங்கே இருக்கிறது என்பதை இனிக் காண்போம். அது பெரும்பாலும் ஸ்கேன் பரிசோதனையில் இருக்கிறது. கேளா ஒலியை உடலுக்குள் செலுத்தி அதன் எதிரொலியைப் படமாக்கும் இக்கருவியைத் தோலின்மேல் எந்தச் சாய்வில், எவ்வளவு அழுத்தத்தில் வைப்பது என்பதில்தான் வித்தையே அடங்கியிருக்கிறது; ஆகையால் கருவி இருந்தும் கைதேர்ந்தவர் இல்லாத ஊர்கள் உலகெங்கும் உண்டு. வடசுவீடனில், இருதயத் தளர்ச்சி இருக்கலாம் என்று ஐயுறப்பட்ட 38 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை வழக்கம்போல் தொலைதூர ஆஸ்பத்திரிக்கு அனுப்பியும், மறுபிரிவினரை அவர்கள் ஊர்ச் சுகாதார நிலையத்திலேயே ரோபோவின் மூலம் இருதய ஸ்கேன் செய்து நிபுணரோடு பேசவைத்தும் ஒரு பரீட்சை நடத்தினார்கள். 2014-இல் வெளியான அதன் முடிவின்படி, நோய் நிர்ணயம் முடியும்வரை சென்ற காலம் முதற்பிரிவினருக்கு நடுத்தரமாக 114 நாள். மறுபிரிவினருக்கு 27 நாளுக்கும் குறைவு. இருதயத் தளர்ச்சியில் மூன்று மாத காலத்தின் விலை என்ன என்பதை அந்நோயாளியின் வீட்டார் அறிவார்கள். 2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில், சீனத்தின் ஹாங்சௌ நகரில் இருந்த வைத்தியர்கள் ஏறக்குறைய 700 கிலோமீட்டர் தூரத்தில் வூஹானில் கிடந்த நோயாளிகளின் நுரையீரலையும் இருதயத்தையும் இவ்வாறே பரிசோதித்தார்கள். அங்கே தூரம் என்பது தடையாக இல்லாமல் கவசமாகவே உதவிற்று.

ஸ்கேனில் வெற்றி பெற்ற தொலைவிரல் மற்ற இடங்களில் தடுமாறுவானேன் என்று ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். ஸ்கேனில் கை கேள்வி மட்டுமே கேட்கிறது. விடையைச் சொல்வது படம். அழுத்தம் சற்று மழுங்கி உணரப்பட்டாலும் படம் தெளிவாக விழுந்தால் காரியம் கெடுவதில்லை. அழுத்தம் தவறினால் படமே கலங்கி அதனை உடனே காட்டிக்கொடுக்கும். இங்கே விசை சொல்லும் உரையைச் சரிபார்ப்பதற்குத் திரையில் ஒரு காண்டல் இருக்கிறது. ஒரு சாட்சியை மற்றொரு சாட்சியைக் கொண்டு குறுக்கு விசாரணை செய்ய முடிகின்ற இடத்தில் வழக்கு தவறாகத் தீர்வது அரிது.

வயிற்றை அமுக்கிப் பார்க்கும் பரிசோதனையில் அத்தகைய இரண்டாம் சாட்சி இல்லை; கேள்வியும் கையே, விடையும் கையே. குடல்வால் வீக்கம் என்று ஐயுறும் வைத்தியர் செய்வதை நினைத்துப் பாருங்கள். கைகளைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டு, வலியில்லாத பக்கத்தில் தொடங்கி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே மெல்ல வலியுள்ள பக்கத்தை அணுகுகிறார். தசை தன்னையறியாமல் இறுகுகிறதா, அல்லது அச்சத்தினால் நோயாளியே இறுக்கிக்கொள்ளுகிறாரா என்பதை விரல் பிரித்தறிய வேண்டும். பின்னர் ஆழ அமுக்கிச் சட்டென்று கையை எடுக்கிறார். அமுக்கியபோது தோன்றாத வலி எடுத்தபோது சுரீரென்று தோன்றினால், அது உள்ளே அழற்சி பரவியதன் அறிகுறி. இந்தக் கடைசிப் பரிசோதனையில் விடை கையை எடுத்த பிறகே பிறக்கிறது. எடுத்த கைக்கு எந்த யந்திரம் எந்த விசையைத் திருப்பித் தரும்? அந்நேரத்தில் வைத்தியர் பார்ப்பது நோயாளியின் முகத்தை. இதனை நன்கு உணர்ந்தே, லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆராய்ச்சியாளர்கள், மாணவர் பயிற்சிக்காக, வயிற்றை அமுக்கினால் முகம் வலியைக் காட்டும் ஒரு செயற்கை நோயாளியை அமைத்து, அதுபற்றி 2022-இல் எழுதினார்கள். தொடுதல் என்பது கையளவில் நிற்பது அன்று. கண்ணும் செவியும் வாயும் அதனோடு சேர்ந்து இயங்குகின்றன என்பதை இம்முயற்சியே ஒப்புக்கொள்ளுகிறது.

தொட்டறியும் திறம் விரலில் இருக்கிறதா, பயிற்சியில் இருக்கிறதா என்பதும் கருதத்தக்கது. ஜெர்மனியில் ஃபிராங்க் ஹோஃப்மன் என்னும் மகப்பேற்று வைத்தியர், பார்வையற்ற பெண்களுக்குப் பல மாதங்கள் பயிற்சி அளித்து, மார்பகத்தில் தோன்றும் சிறு கட்டிகளை விரலால் தேடிக் கண்டறியும் தொழிலில் அவர்களை அமர்த்தினார். பார்வை இல்லாமையால் கூர்மையடைந்த ஸ்பரிசத்தை, முறையான பழக்கத்தால் ஒரு வைத்தியக் கருவியாகவே அவர் ஆக்கிவிட்டார். அங்கே விலையுயர்ந்த யந்திரம் ஒன்றும் இல்லை. நிதானமும், தோலின்மேல் ஒட்டிய புள்ளியிட்ட நாடாக்களும், ஒரு விரல் அகலமும் விடாமல் தடவிப் பார்க்கும் ஒழுங்குமே உண்டு. மனிதக் கையின் எல்லையை நாம் இன்னும் எட்டாதிருக்கும்போதே, அதனை யந்திரத்தால் ஈடுசெய்ய விரைகிறோமோ என்ற ஐயத்தை இந்த உதாரணம் எழுப்பாமல் இராது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கும் ஏபிரகாம் வர்கீஸ், கம்ப்யூட்டரில் உள்ள நோயாளியே கவனத்தையெல்லாம் கவர்ந்துகொள்ள, படுக்கையில் கிடப்பவர் அதன் வெறும் அடையாளமாக ஆகிவிட்டார் என்று 2008-இல் எழுதினார். உடலைத் தொட்டுப் பரிசோதிப்பது ஒரு சடங்கு என்றும், அச்சடங்கினால் நோயாளிக்கும் வைத்தியருக்கும் இடையே ஒரு பந்தம் உண்டாகிறது என்றும் அவர் வற்புறுத்துவார். இக்கருத்தை நான் மதிக்கிறேன். எனினும் அதனைத் தொலைவிரலுக்கு எதிராக ஏவுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அச்சடங்கைப் பெருநகரங்களில் அழித்தது தொலைவிரல் அன்று. மேஜைக்கு அப்பால் நின்று இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு, ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் சீட்டு எழுதித் தருகிற அவசரந்தான் அதனை அழித்தது. அன்றியும், ஒரு முறையின் குறையை எடுத்துரைப்பவர் அதனை எதனோடு ஒப்பிடுகிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும். நிபுணரின் கைக்கும் தொலைவிரலுக்கும் போட்டி வைத்தால் தொலைவிரல் தோற்கும். ஆனால் அது செல்லுகின்ற ஊர்களில் அதனோடு போட்டியிடுவது நிபுணரின் கை அன்று, எந்தக் கையும் இல்லாத வெறுமை.

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தின் வடபகுதியில் உள்ள லா லோஷ் அத்தகைய ஊர். பூர்வகுடிகளான டெனே மக்கள் வாழும் அவ்வூருக்கு, சஸ்காட்டூன் நகரத்திலிருந்து சுமார் 600 கிலோமீட்டர். 2020-இல் கொள்ளைநோய் அங்கே பரவி வெளியூர்ப் பயணம் கடினமானபோது, கர்ப்பிணிகளுக்கு நகரத்திலிருந்தபடியே ரோபோவின் மூலம் ஸ்கேன் செய்தார்கள். அதற்குப் பயன்பட்ட ‘மெலடி’ என்னும் பிரெஞ்சுக் கருவியின் அமைப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. தூரத்தில் உள்ள நிபுணர் ஒரு போலிக் கருவியைக் கையில் வைத்துச் சாய்த்தும் திருப்பியும் அசைக்க, இங்கே உள்ள மெய்க்கருவி அவ்வாறே சாய்ந்து திரும்புகிறது. ஆயினும் அந்த ரோபோவின் சட்டத்தைத் தாங்கிப் பிடித்து, வயிற்றின்மேல் எந்த இடத்தில் வைப்பது, எங்கே நகர்த்துவது என்பதை நிபுணர் சொல்லச் சொல்லச் செய்பவர், நோயாளியின் அருகில் நிற்கும் உள்ளூர் உதவியாளர். ஸ்கேன் வித்தை பயிலாதவரும், சிறிது பயிற்சியோடு இதனைச் செய்யலாம். தூரத்தை ஒழிப்பதற்கென்றே பிறந்த யந்திரம், அருகில் ஒருவர் இல்லாமல் இயங்காது என்பது அதன் குறையாகச் சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அதுவே அதன் சிறப்பாகத் தோன்றுகிறது. நுண்ணிய சாய்வு நிபுணருடையது, பெருநகர்வு உதவியாளருடையது, நோயாளிக்கு இரு கைகளும் கிடைக்கின்றன.

நம் நாட்டு நிலைமையை எண்ணும்போதும் இதே முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. 2020 மார்ச்சு மாதத்தில் இந்திய அரசு வெளியிட்ட தொலைவைத்திய நெறிமுறைகள், தூரத்திலிருந்து யந்திரத்தால் அறுவை செய்வதைத் தம் எல்லைக்குள் கொள்ளாமல் விலக்கின. ஆனால் நோயாளியின் பக்கத்தில் ஒரு சுகாதாரப் பணியாளர் இருந்து, கண்டதையும் தொட்டதையும் வைத்தியருக்கு எடுத்துரைக்கும் முறையை ஏற்றுக்கொண்டன. தமிழ்நாட்டின் துணைச் சுகாதார நிலையங்களில் கர்ப்பிணியின் வயிற்றைத் தொட்டுக் குழந்தையின் தலை எப்பக்கம், முதுகு எப்பக்கம் என்று சொல்லுகிற கிராம சுகாதார செவிலியரின் கை, இந்தத் தேசத்தில் ஏற்கெனவே பரவியிருக்கும் ஒரு பெருஞ்செல்வம். ரோபோவுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை அந்தக் கையின் பயிற்சிக்குச் செலவிடாமல், அதனை வெறும் சட்டம் தாங்கும் கொம்பாக ஆக்கிவிடுவோமானால், நாம் வாங்கியது ஒரு விரல், இழந்தது பத்து விரல் என்றாகும்.

சட்டத்தின் சிக்கலும் ஒன்று உண்டு. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று அறிந்து பெண் சிசுவை அழிக்கும் கொடுமையைத் தடுப்பதற்காக இயற்றப்பட்ட 1994-ஆம் ஆண்டுச் சட்டம், ஸ்கேன் செய்யும் இடத்தையும் கருவியையும் பதிவு செய்ய வேண்டும் என்றும், தகுதி பெற்றவரே செய்ய வேண்டும் என்றும், ஒவ்வொரு கர்ப்பிணியின் பரிசோதனைக்கும் குறிப்பு எழுதி வைக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. கருவி ஓர் ஊரிலும், அதனை அசைக்கும் கை வேறோர் ஊரிலும் இருக்கும் நிலையை அச்சட்டம் எழுதியவர்கள் எண்ணியிருக்க இயலாது. பரிசோதனை செய்தவர் யார்? தவறு நேர்ந்தால் பொறுப்பு நிபுணருடையதா, ரோபோவின் சட்டத்தைத் தாங்கிய உதவியாளருடையதா, விசையை மழுக்கிய யந்திரத்தைச் செய்தவருடையதா? இவ்வினாக்களுக்கு விடை வகுக்காமல் யந்திரத்தை மட்டும் வாங்கி வைத்தால், முதல் விபத்திலேயே பழி முழுவதும் மூவரிலும் எளியவர் தலையில்தான் விழும்.

ஆகவே இம்முறையைப் பற்றி என் அபிப்பிராயம் இது. படமோ எண்ணோ வேறு சாட்சியாக நின்று சரிபார்க்கக்கூடிய பரிசோதனைகளில், கைதேர்ந்தவர் செல்லமுடியாத ஊர்களுக்குத் தொலைவிரல் ஒரு வரமே ஆகும். அங்கே அதனை மறுப்பது வீண் பிடிவாதம். கையே முடிவான சாட்சியாக நிற்கும் பரிசோதனைகளிலோ, அதன் சொல்லை உரையாக மதித்து ஏற்கலாமேயன்றிக் காண்டலாக நம்பித் தீர்ப்பு எழுதலாகாது. யந்திரமும் தன் உரையின் தராதரத்தை மறைக்கலாகாது. வழி நெரிசலால் தாமதம் மிகும்போதும், அதிர்வை அடக்குவதற்காக விசை மழுக்கப்படும்போதும், அதனை வைத்தியருக்கு அப்பொழுதே அறிவிக்கும்படி அதனை அமைத்தல் வேண்டும். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் சாட்சியைத்தான் எந்த நியாயஸ்தலமும் நம்பும்.

கெர்ன்ஸ்பேக் தொலைவுக்கும் விரலுக்கும் சேர்த்து ஒரு பெயர் கண்டார். அருகிருக்கும் கைக்குப் பெயர் காணவில்லை. பரிசோதனை முடிந்து நகரத்து நிபுணர் பிடியை விட்டுவிடுகிறார், தொடர்பு அறுகிறது, ரோபோ அசைவற்று நிற்கிறது. படுத்திருக்கும் கர்ப்பிணியின் வயிற்றில் அப்பிய குளிர்ந்த பசையைத் துணியால் துடைத்துவிட்டு, முதுகுக்கு ஆதரவாகக் கை கொடுத்து அவளை எழுப்பி உட்காரவைக்க வேண்டிய வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. அதனைச் செய்வது இதுவரை சட்டத்தைத் தாங்கிக்கொண்டிருந்த அந்தக் கை.